அடிபட்ட மானைத் தேடும் நாய்: கேட்டதும் சொன்னதும்

பன்னிரண்டு வேட்டைப் பருவங்களாக, அடிபட்டுக் காணாமல் போன மான்களைத் தேட நாயோடு போய்க்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு லாப்ரடார் இருந்தது. இப்போது கம்பிபோல முடி உள்ள டாஷ்ஹண்ட், பெயர் மிளகு. நான் சுடுவதும் இல்லை, அம்பு விடுவதும் இல்லை. ராத்திரி போன் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆள், அவ்வளவுதான். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், கொட்டிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாத இடத்தில் நாய் எதைப் பிடித்துக்கொண்டு போகிறது?

ரத்தம் நமக்குத்தான் முக்கியம், நமக்குக் கண் மட்டும்தானே இருக்கிறது. மானின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும் இல்லையா, அந்தப் பிளவுக்குள் ஒரு சுரப்பி உண்டு. கால் வைக்கிற இடமெல்லாம் அதன் வாசனை ஒட்டும், அது மானுக்கு மான் வேறுபடும். அதோடு உதிர்கிற முடி, தோல் துகள், மிதிபட்ட புல், கிளறின மண் எல்லாம் சேர்ந்து ஒரு கலவை. நன்றாகப் பழகின நாய் அந்த ஒரு மானைத்தான் தேடுகிறது, வெறும் ரத்தத்தை அல்ல. அதே பாதையில் பிறகு நாலு மான் நடந்து போயிருந்தாலும் அவற்றை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டு போகும். முதல் தடவை பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். இருநூறு மீட்டர் ஒரு சொட்டும் இல்லாமல் நடந்துவிட்டு, "நாய் சும்மா உலாத்துது" என்று முணுமுணுக்கும்போது, பார்த்தால் ஒரு புல் நுனியில் கடுகளவு சிவப்பு இருக்கும். அதற்கப்புறம் பேச மாட்டார்கள்.

அண்ணா, அம்பு விட்டதும் மான் ஓடிவிட்டது. எவ்வளவு நேரம் கழித்துத் தேடலாம்?

எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது தம்பி. அதைச் சொல்வது அம்பும் தரையும்தான், அதனால் முதலில் அம்பை எடுத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக, குட்டிக் குட்டிக் குமிழோடு ரத்தம் இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் போதும், மான் பெரும்பாலும் பக்கத்திலேயே விழுந்து கிடக்கும், நாயே தேவைப்படாது. கருஞ்சிவப்பாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். நாலு முதல் ஆறு மணி நேரம் விடுங்கள். அம்பில் பச்சையாகவோ பழுப்பாகவோ அரைத்த புல் மாதிரி ஒட்டி, மூக்கைப் பிடிக்கிற நாற்றம் இருந்தால் குடல் அல்லது இரைப்பை. அப்போது எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஆமாம், சாயங்காலம் விட்ட அம்பென்றால் மறுநாள் காலைதான். வயிற்றில் பட்ட மானை யாரும் விரட்டாவிட்டால் பெரும்பாலும் கிட்டத்திலேயே ஒரு புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும், பல நேரம் அங்கேயே செத்தும் போகும். ஒரு மணி நேரத்தில் பின்னாலேயே போய் எழுப்பிவிட்டால் ரத்தமும் சொட்டாது, ஒரே ஓட்டம், நமக்கு இரண்டு கிலோமீட்டர் நடை.

பளிச்சென்ற சிவப்பு, குமிழ் இல்லை, முதல் நூறு மீட்டர் நிறைய, அப்புறம் திடீரென்று நின்றுவிட்டது என்றால் அது தசையில் பட்ட காயம். இதைத்தான் எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள். "அவ்வளவு ரத்தம் சார், செத்திருக்கும்" என்பார்கள். அந்த மான் அடுத்த வாரம் அதே காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்.

முடியையும் பாருங்கள். வெள்ளையாக, முரடாக இருந்தால் வயிற்றின் அடிப்பக்கம். நீளமாக, நுனி கறுத்து இருந்தால் முதுகுப் பக்கம். அதை ஒரு பையில் போட்டு வைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நாங்க நாலு பேர் விடிய விடிய தேடிட்டுத்தான் உங்களை மாதிரி ஒருத்தரைக் கூப்பிட்டோம். வந்தவர் முகமே சரியில்லை. என்ன தப்பு செஞ்சோம்?

தேடினதுதான் தப்பு. கோபித்துக்கொள்ள வேண்டாம், சொல்கிறேன்.

நாலு பேர் வரிசையாகக் காட்டைச் சல்லடை போட்டால் பூட்ஸில் ரத்தமும் மானின் வாசனையும் ஒட்டும். அதே பூட்ஸோடு நூறு திசையில் நடந்தால் ஒரு தடம் இருந்த இடத்தில் நூறு தடம். என் மிளகு ஒரு தடவை அரை ஏக்கருக்குள்ளேயே முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு வளையமும் ஒரு ஆளின் பூட்ஸ் தடத்தில் போய் முடிந்தது, கடைசித் தடம் நேராக அவர்களுடைய வண்டிக் கதவுக்கே போய் நின்றது. பாவம், அது சரியாகத்தான் வேலை செய்தது.

அதனால் செய்ய வேண்டியது இது: கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ஒரு நாடாவையோ டிஷ்யூ காகிதத்தையோ கட்டுங்கள். வந்த வழியில், தடத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி நடங்கள். மேலே நடக்காதீர்கள். உட்காருங்கள். போன் செய்யுங்கள். சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும்.

எந்த இனம் நல்லது? ப்ளட்ஹவுண்ட்தானே?

பெயரைப் பார்த்து எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அது நல்ல மூக்குதான், மறுக்கவில்லை, ஆனால் பெரிய உடம்பு, வாரில் இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். ஜெர்மனியில் இதற்கென்றே வளர்த்த ஹனோவர் நாயும் பவேரிய மலைநாயும் உண்டு. அங்கே வேட்டைக்காரர் பேச்சில் அடிபட்ட விலங்கின் ரத்தத்துக்கு "வேர்வை" என்று பொருள்படும் ஷ்வைஸ் என்ற சொல்தான், இந்த நாய்களுக்கும் அதை வைத்தே ஷ்வைஸ்ஹுண்ட் என்று பெயர். கம்பிமுடி டாஷ்ஹண்டைப் பார்த்துச் சிரிப்பார்கள், கால் இரண்டு அங்குலம் என்று. அதுவே நிதானமாகப் போவதும் மூக்கு எப்போதும் தரையோடு இருப்பதும் எனக்குப் பெரிய வசதி. உயரமான புல்லிலும் ஓடையிலும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் தொல்லை. லாப்ரடார், பீகிள் எல்லாம் நன்றாகவே செய்யும். இனத்தைவிட அந்த ஒரு குட்டிக்கு விடாப்பிடி குணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் இருக்கும் நாயை நானே பழக்க முடியுமா? ஏழு வயதாகிறது.

முடியும். ஏழு வயது ஒன்றும் தடையில்லை, மூட்டு நன்றாக இருந்தால் சரி. குட்டியென்றால் எட்டுப் பத்து வாரத்திலேயே தொடங்குவேன், பெரிய நாய்க்கும் முறை ஒன்றேதான்.

ஒரு துண்டு மான் ஈரலைக் கயிற்றில் கட்டி முப்பது மீட்டர் நேராக இழுத்துக்கொண்டு போங்கள், கடைசியில் மான் தோல் ஒரு துண்டு, அதன் மேல் கொஞ்சம் ஈரல். நாய் தோலைக் கண்டுபிடித்ததும் ஊரே கூடிக் கொண்டாடுகிற மாதிரி கொண்டாடுங்கள். அப்புறம் இழுப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலில் ரத்தம் ஊற்றி மூடியில் சின்ன ஓட்டை போட்டு, இரண்டு மூன்று அடிக்கு ஒரு சொட்டு. ரத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நேரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: முதலில் அரை மணி, பிறகு நாலு மணி, பிறகு ராத்திரி முழுக்க. ஒரு செங்கோணத் திருப்பம், பிறகு இரண்டு. முக்கியமாக, உங்கள் காலடி வாசனையைத் தொடர்கிறதா மானைத் தொடர்கிறதா என்று தெரிந்துகொள்ள, வேறு ஒருவரைத் தடம் போடச் சொல்லுங்கள். காலணிக்கு அடியில் மான் குளம்பைக் கட்டிக்கொண்டு நடக்கிற வசதியும் உண்டு, அது உண்மையான தடத்துக்கு ரொம்பக் கிட்டே வரும். ஜெர்மன் தேர்வில் 1,000 மீட்டர் தடத்துக்குக் கால் லிட்டர் ரத்தம்தான் தருவார்கள், அதுவும் 20 மணி நேரமாவது பழசாக வேண்டும். அதனால் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வேறு பகுதியில் சுட்ட மானின் ரத்தத்தையும் குளம்பையும் வாங்கி வந்து கொட்டாதீர்கள். மான்களை மெலிய வைத்துக் கொல்கிற ஒரு பிரியான் நோய் இருக்கிறது, பிரியான் என்பது உருக்குலைந்த ஒரு புரதம், அது மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சியையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள், அதில் வரும் அவுஜெஸ்கி நோய் நாய்க்கு வந்தால் பிழைக்காது.

மழை பெய்துவிட்டால் தடம் போய்விடுமா?

ரத்தத்தின் நிறம் போகும், வாசனை போகாது. லேசான தூறல் உண்மையில் உதவி. எனக்குப் பயம் வெயிலும் காய்ந்த காற்றும்தான், அதில் ரத்தம் தூளாகிவிடும், மண்ணில் ஈரமே இருக்காது. கொட்டுகிற மழை என்றால் கஷ்டம், ஆனாலும் கூப்பிட்டுப் பாருங்கள்.

நாயை அவிழ்த்துவிட்டால் சீக்கிரம் கண்டுபிடிக்குமே, எதற்கு நீளமான வார்?

முதல் காரணம் சட்டம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அனுமதி உள்ள பல மாநிலங்களில் நாய் வாரில் இருந்தே ஆக வேண்டும். போவதற்கு முன் உங்கள் பகுதி விதியைப் படித்துவிடுங்கள், வேலி தாண்டுகிற இடத்தில் நில உரிமையாளரிடமும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது காரணம், அவிழ்த்துவிட்ட நாய் உயிரோடு இருக்கும் மானை எழுப்பி ஊர் எல்லைக்கு விரட்டிவிடும். பத்து மீட்டர் வார் வைத்திருக்கிறேன், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், வழுவழுப்பாக, கிளையில் சிக்காத வகை. கையில் வரும் அந்த இழுப்பிலேயே நாய் என்ன நினைக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

நாய் தப்பாகப் போகிறது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தப்பாகப் போவது நாமாகத்தான் இருக்கும். என் இரண்டாம் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ரத்தம் மேட்டுப் பக்கம் போயிருந்தது, தெளிவாக, எல்லோரும் பார்த்தோம். லாப்ரடார் அங்கே வரை வந்து, தலையைத் தூக்கி, திரும்பி, வந்த வழியிலேயே பத்தடி போய், இடப்பக்கம் பள்ளத்துக்கு இழுத்தது. நான் மேட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுபடி பள்ளம். மறுபடி கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை அது உட்கார்ந்துவிட்டது, என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் காக்கைகள் வட்டமிட்டதைப் பார்த்து வேட்டைக்காரர் போனார். பள்ளத்தின் அடியில், ஓடைக்கரையில் மான். மேட்டுக்கு ஏறி, ஏற முடியாமல் தன் தடத்திலேயே திரும்பி இறங்கியிருக்கிறது. வயிற்றில் பட்டவை தண்ணீர்ப் பக்கம் போவதைப் பிறகு பல தடவை பார்த்துவிட்டேன்.

இருந்தாலும் நாயும் ஏமாறும். அடிபடாத மான் புதிதாகக் குறுக்கே போயிருந்தால் சில நாய்களுக்கு ஆசை வந்துவிடும். வால் வேகமாகும், நடை ஓட்டமாகும், மூக்கு தரையை விட்டு மேலே வரும். அப்போது திட்டாமல் கடைசி நாடா வரை கூட்டிவந்து மறுபடி தொடங்குங்கள்.

எத்தனை மான் கிடைக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

எனக்கு மூன்றுக்கு ஒன்று. மீதி இரண்டில் பெரும்பாலானவை சாகவே இல்லாத மான்கள். "முதுகெலும்புக்குக் கீழே, நுரையீரலுக்கு மேலே பட்டது, அங்கே காலி இடம்" என்று ஒரு கதை சொல்வார்கள். அப்படி ஒரு இடமே கிடையாது, நுரையீரல் எலும்பை ஒட்டியே இருக்கிறது. அம்பு எலும்புக்கு மேலே தசையில் போயிருக்கும், அவ்வளவுதான். எலும்பு நாம் நினைப்பதைவிடக் கீழே ஓடுகிறது. "இது பிழைக்கும், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல முடிவதும் என் கணக்கில் வேலை முடிந்த மாதிரிதான்.

உயிரோடு இருந்தால்? பாய்ந்துவிடாதா?

பாயும். கொம்புள்ள ஆண் மான் படுத்தபடியே நாயைக் குத்திவிடும். மானைக் கண்டதும் வாரைச் சுருட்டி நாயைப் பின்னால் இழுத்துவிடுவேன். முடித்து வைப்பது உரிமம் உள்ள வேட்டைக்காரரின் வேலை, நாயும் நானும் அவர் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பதைக் கிளம்பும்போதே பேசிவிடுவேன்.

மறுநாள் கிடைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா?

குளிரான ராத்திரியென்றால் பெரும்பாலும் சாப்பிடலாம். வெக்கையான ராத்திரி, வயிற்றில் பட்டது, வயிறு ஊதியிருக்கிறது, தோலை உரித்தால் பச்சை நிறம் என்றால் வேண்டாம். மோந்து பார்த்தாலே தெரியும்.

போன் செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

எத்தனை மணிக்குப் பட்டது, மான் எப்படி ஓடியது, முதுகைக் கூனியதா, வாலை இறக்கியதா, அம்பு கிடைத்ததா, ரத்தம் என்ன நிறம், எத்தனை பேர் எங்கெல்லாம் நடந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லாதீர்கள், நாய் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். போனில் சார்ஜ் வைத்திருங்கள், வண்டி நிறுத்தின இடத்தின் வரைபடப் புள்ளியை அனுப்புங்கள், உங்கள் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.