இங்கிலாந்தில் பப்புக்குக் குழந்தைகள் போகிறார்கள், கோவையில் மட்டும் ஏன் கூடாது?

அந்தப் பப்பும் நம் பாரும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் கிராமத்துப் பப் பாதி உணவகம். ஞாயிறு மதியம் பாட்டி முதல் பேரன் வரை சாப்பிட வருவார்கள். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. மது விற்பதே முதன்மையான இடங்களுக்குள் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் போக முடியாது. மது வாங்க 18 வயதாக வேண்டும். தமிழ்நாட்டில் 21.

டாஸ்மாக் பாரோ ஈரத் தரை, தண்ணீர் பாக்கெட், தட்டில் கொஞ்சம் சுண்டல். மனைவியை அழைத்துப்போகக் கூசும் இடத்துக்குக் குழந்தை எதற்கு? பெரிய ஓட்டல்களில் பெரும்பாலும் பார் தனி, உணவகம் தனி. உணவகத்துக்குத் தாராளமாக அழைத்துப்போகலாம்.

என்னை உறுத்துவது பாரின் வாசல்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் வாரச் சம்பளம் போடும் ஒரு சனிக்கிழமை மாலை, பார் முன்னால் நின்ற மொபெட்டில் ஒரு சிறுமி கடலை மிட்டாயோடு உட்கார்ந்திருந்தாள். "ஐந்தே நிமிடம் கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து நான் திரும்பி வந்தபோதும், மிட்டாய்க் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக அங்கேயேதான் இருந்தாள்.