பையைப் பார்ப்பதற்கு முன் துப்பாக்கியை அளந்துகொள்ளுங்கள்

வணக்கம். ஸ்காட்லாந்து மலையில் செம்மான் வேட்டைக்குப் போகிறீர்கள், 22 அங்குலக் குழல் ரைஃபிள் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது, துப்பாக்கியையும் மாட்டிக்கொள்கிற 30 லிட்டர் முதுகுப் பை போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

லிட்டர் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் சைலன்சரோடு சேர்த்து முழு நீளத்தை அளந்துவிடுங்கள். துப்பாக்கி மட்டுமே 42 அங்குலம் பக்கம் வரும். துப்பாக்கியின் அடிக்கட்டையைச் செருகும் உறை பையில் மேலே இருந்தால் குழல் முனை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்குள் நுழைந்ததும் கிளைக்குக் கிளை மாட்டும். உறை ரொம்பக் கீழே இறங்கினால் மேடு ஏறும்போது தொடையில் இடிக்கும். அதனால் உறையை ஏற்றி இறக்க முடிகிற பையாக வாங்குங்கள். துப்பாக்கியை வைத்து, கடையிலேயே குனிந்து, உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்றை மறக்கவே வேண்டாம்: நீங்கள் குனிந்தால் முனை முன்னால் போகிறவரை நோக்கித் திரும்பும். துப்பாக்கி முதுகில் இருக்கும்வரை அதன் குழலடி அறையில் தோட்டா இருக்கவே கூடாது.

துணியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சரசரவென்று கேட்டால் விட்டுவிடுங்கள், மானுக்கும் கேட்கும். உறையின் அடியில் நீர் வடியத் துளை வேண்டும். நனைந்த துப்பாக்கியை ஓர் இரவு உறையிலேயே விட்டு, குழலில் துரு பார்த்தவன் நான்.

பகல் வேட்டைக்கு 30 லிட்டர் தாராளம். செம்மானை எப்படியும் முதுகில் கொண்டுவரப் போவதில்லை. முதுகில் சுமந்து வரக்கூடிய சிறிய ரோ மானும் சுடுவீர்கள் என்றால் மட்டும், கழுவக்கூடிய உள்பை உள்ள பெரிய பையாகப் பாருங்கள்.