கோடையில் செடி காப்போம்: வாசகர் கேள்வி பதில்

கத்திரி வெயில் மே முதல் வாரம் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை காயும். மாடியிலும் கொல்லையிலும் செடி வளர்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மாடியில் இருபது பைகளில் கத்திரி, வெண்டை, பீர்க்கு வைத்திருக்கிறேன். காலை மாலை இரண்டு வேளையும் அடியில் வழியும்வரை தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் மதியம் செடி துவண்டு நிற்கிறதே, ஏன்?
– வாசகி, திருச்சி

அடியில் தண்ணீர் வழிவதால் மண் நனைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாடிப் பைகளில் பெரும்பங்கு தென்னை நார்க்கழிவுதான். அது ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே அடிக்கு ஓடி வெளியேறும், நடுவில் இருக்கும் வேர் காய்ந்தபடியே கிடக்கும். தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்துத் தண்டுக்குப் பக்கத்தில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டாமல் உலர்ந்து வந்தால் இதுதான் காரணம்.

பையைத் தூக்க முடிந்தால் அகலமான தொட்டியில் அரைப் பை உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அதில் அரை மணி நேரம் வையுங்கள். மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிடலாம். தூக்க முடியாத பையில் குச்சியால் மேல்மண்ணைக் கிளறி, ஓர இடுக்கை மண்ணால் அடைத்துவிட்டு, கால் லிட்டர் கால் லிட்டராகப் பத்து நிமிட இடைவெளியில் ஊற்றுங்கள். பிறகு காய்ந்த சருகு, வைக்கோல், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விட வேண்டும். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

இன்னொன்று: பீர்க்கு, பூசணி போன்ற அகன்ற இலைக்கொடிகள் மண்ணில் ஈரம் இருந்தாலும் உச்சி வெயிலில் தொங்கும், மாலையில் தானாக நிமிரும். அதைப் பார்த்துப் பதறி மதியம் தண்ணீர் ஊற்றக் கூடாது. காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீரும், வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீரும் கையில் பட்டாலே சுடும். சூடு போகும்வரை அதை வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டுகொண்டே போகிறது. வேப்பெண்ணெய் தெளித்ததில் இலை கருகியதுதான் மிச்சம்.
– வாசகர், விருதுநகர்

சுருள்வது எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு படகு போல் ஆனால் அது இலைப்பேன். விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு, கொழுந்து சிறுத்தால் அது மஞ்சள் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் கொழுந்தை இரண்டு தட்டுத் தட்டுங்கள். நூல் துணுக்கு மாதிரி மஞ்சளாக நெளிந்து ஓடினால் இலைப்பேன். சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும்.

உங்கள் இலை கருகியதற்கு எண்ணெய் சரியாகக் கலக்காததோ, வெயிலில் தெளித்ததோ காரணமாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் போதும். அதைத் தண்ணீரில் நேரே விடாமல், முதலில் 1 மி.லி. திரவச் சோப்புடன் சேர்த்துக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் பால் போல வெளுக்கும். மேலே எண்ணெய் மிதந்தால் கலவை சேரவில்லை என்று பொருள். அதைத் தெளித்தால் எண்ணெய் திட்டுத் திட்டாகப் படிந்து இலையைச் சுட்டுவிடும். மாலை ஐந்துக்கு மேல் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை வீதம் மூன்று தடவை வேண்டும், ஏனென்றால் முட்டையிலிருந்து வருபவை முதல் தெளிப்புக்குத் தப்பிவிடும்.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் என்பார்கள். நல்ல மருந்துதான், ஆனால் கடும் வெயில் காலத்தில் அதுவும் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்கவே கூடாது. கத்திரி வெயில் நாட்களில் கந்தகத்தைத் தவிர்த்து, சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி எரித்துவிடுவதே நல்லது. செடி முழுக்கச் சுருண்டு, இலை மஞ்சள் பாரித்து, வளர்ச்சியே நின்றிருந்தால் வைரஸ் நோய். அதற்கு மருந்தில்லை, பிடுங்கிவிடுங்கள்.

பப்பாளி மரத்தில் வெள்ளை வெள்ளையாக மாவு அப்பியிருக்கிறது. கடையில் கொடுக்கும் பூச்சிமருந்தை அடிக்கலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டில் முதலில் 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பெரிய சேதம் செய்தது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. அவை நம் வயல்களில் நிலைத்துவிட்டன. வீட்டில் நஞ்சு தெளித்தால் மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கும், குளவிதான் முதலில் சாகும்.

குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி மாவைக் கழுவுங்கள். மிஞ்சியதற்கு மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கலவை. மரத்தில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள்: பூச்சி வெளியேற்றும் தேன் போன்ற கசிவுக்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி போகாது.

குண்டுமல்லி இந்த வருடம் பூக்கவில்லை. இப்போது கவாத்து செய்யலாமா?
– வாசகி, மதுரை

குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் மார்ச்சில் பூக்கத் தொடங்கும். இப்போது ஒட்ட வெட்டினால் இந்தப் பருவம் முழுவதும் தளிர் மட்டும்தான் கிடைக்கும். காய்ந்த குச்சிகளையும், பூத்து முடிந்த நுனிகளை இரண்டு அங்குலமும் நறுக்கினால் போதும்.

மொட்டு ஊதா நிறம் ஏறி விரியாமல் உதிர்ந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழியுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து உடனே இலையில் தெளியுங்கள். கரைசல் செங்காவி நிறமானால் பயன் போய்விட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது.
– வாசகர், வேலூர்

உரக் குறைவு இல்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். நுண்ணூட்டம் கொடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். 50 சதவீத நிழல்வலை, குறிப்பாக மேற்கு வெயிலை மறைக்கும்படி, ஓரளவு உதவும். ஆடிப்பட்டத்துக்கு ஜூன் கடைசியில் புதிதாக விதை போட்டால் 25 நாளில் நாற்று தயார். அதுவரை அந்த இடத்தில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடலாம். இவை வெயிலைத் தாங்கும், வலையே தேவையில்லை.

வீட்டுத் தென்னைக்குக் கோடையில் என்ன செய்யலாம்?
– வாசகர், நாகர்கோவில்

தண்டின் அடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி கட்டி, அது முழுக்கப் பாய்ச்சுங்கள். பாத்தியில் நூறு உரிமட்டைகளைக் குவிந்த முதுகு மேலே இருக்கும்படி பரப்பினால் மண் காயாது. மட்டை இல்லையென்றால் காய்ந்த ஓலை பதினைந்து.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். மாடிச் செடிகளை என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

துளையிட்ட பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதை நம்ப வேண்டாம், சில மணி நேரத்தில் காலியாகும் அல்லது துளை அடைத்துக்கொள்ளும். திரிப் பாசனம் நம்பகமானது. பைகளையெல்லாம் மேற்கு வெயிலை மறைக்கும் சுவரோரம் நெருக்கி வையுங்கள், மதியத்துக்கு மேல் நிழல் கிடைக்கும். நடுவில் செங்கல் அடுக்கி, அதன் மேல் 20 லிட்டர் வாளி. அதன் அடிமட்டம் பை மண்ணைவிட அரை அடி உயரத்தில் இருக்கட்டும். பைக்கு ஒரு பருத்திக் கயிறு. நைலான் ஆகாது, தண்ணீரை உறிஞ்சாது. கயிற்றை முழுக்க நனைத்து, ஒரு நுனியில் சிறு கல் கட்டி வாளியின் அடிவரை விடுங்கள். மறு நுனியை வேருக்குப் பக்கத்தில் மூன்று அங்குல ஆழம் புதையுங்கள். கொசு முட்டையிடாமல் வாளியைத் துணியால் கட்டி மூடுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே இதை அமைத்து, ஒரு நாளில் எத்தனை விரல் தண்ணீர் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரே இரவில் வாளி வற்றினால் கயிறு கனம், மெல்லியதாக மாற்றுங்கள். பத்து நாளுக்கு ஒரு வாளி போதாதென்று அளவில் தெரிந்தால் இரண்டாவது வாளி வையுங்கள். புறப்படும் அன்று பிஞ்சு, காய், பூ எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும். காய் சுமக்கும் செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும்.