சூடை பொரிக்கிற வாசமும் வயிற்றுக்குப் போற தந்தியும்

கேள்வி: சேர், பக்கத்து வீட்டில பின்னேரம் சூடை மீன் பொரிச்சாலே எனக்கு வாய் ஊறுது, வயிறு கடமுடா எண்டு சத்தம் போடுது, இத்தனைக்கும் அப்பதான் தேத்தண்ணியும் பணிஸும் முடிச்சிருப்பன். ஆனா மகன் ஏ.எல் சோதினைக்குப் போற நாள்ல அவனுக்குப் பிடிச்ச புட்டும் முட்டைப் பொரியலும் வச்சாலும் ரெண்டு வாய்க்கு மேல இறங்குதில்ல, ஓங்காளிக்கிறான். இது என்ன விளையாட்டு சேர்? (ஒரு வாசகி, பாலையூற்று)

பதில்: தங்கச்சி, உங்கட வாய் ஊறுறதுக்கும் அவன்ட ஓங்காளத்துக்கும் விடை ஒண்டுதான், வயிறு தன்ர பாட்டுக்கு வேலை செய்யிறதில்ல, மேல இருந்து சொல்லி அனுப்பினாத்தான் ஆயத்தமாகும். இப்ப இதை வாசிக்கிற எல்லாரும் ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு பச்சை மாங்காய கீத்துக் கீத்தா வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டி ஒரு துண்டைப் பல்லுக்கடியில வைக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்கோ. ஊறிச்சுதா? மாங்காயும் இல்ல உப்பும் இல்ல, வெறும் நினைப்புத்தான்.

வாய்ல எச்சில் ஊறுறது எங்களுக்குத் தெரியுது, அதே நேரத்தில வயிற்றுக்குள்ளயும் சாறு ஊறத் தொடங்குறது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். வாசம் மூக்கில பட்டு மூளைக்குப் போகுது, மூளைதான் "இது சூடை, இது பொரியல், இதைத் தின்ன ருசியா இருந்தது" எண்டு பழைய கணக்கையெல்லாம் பார்த்து, முகுளம் எண்டு பிடரிப்பக்கம் மூளையின்ர அடியில இருக்கிற பகுதிக்குச் சொல்லுது, அங்க இருந்து வேகஸ் எண்ட நரம்பு கழுத்தால இறங்கி நெஞ்சுக்குள்ளால போய் இரைப்பைக்கு வருது. வேகஸ் எண்டா லத்தீன்ல அலையிறது, உண்மையா அலைஞ்சு திரியிற நரம்புதான், இதயம், சுவாசப்பை, குடல் எண்டு எல்லா வீட்டுக்கும் போய் வரும்.

அந்த நரம்பு நேர போய் அமிலத்தை ஊத்துறதில்ல. இரைப்பைச் சுவருக்குள்ள இருக்கிற சின்ன நரம்புக் கலங்களத் தட்டும், அதுகள் அசற்றைல்கோலின் எண்ட பதார்த்தத்த விட்டு அமிலம் சுரக்கிற கலங்களக் கிளப்பும், அதோட காஸ்திரின் எண்ட ஓமோனையும் இரத்தத்துக்குள்ள விட வைக்கும், ஹிஸ்டமினும் சேர்ந்துகொள்ளும், எல்லாம் ஒரே திசையிலதான் தள்ளுது. ஐதரோகுளோரிக் அமிலமும், புரதத்த வெட்டுற பெப்சின் உருவாகிற சாமானும் வந்து சேருது. முதல் கவளம் இறங்குறதுக்கு முன்னமே இவ்வளவும். ஒரு சாப்பாட்டுக்குச் சுரக்கிற அமிலத்தில 20 முதல் 30 சதவீதம் வரைக்கும் இந்தத் தலைப்பக்கத்து உத்தரவாலதான் வருது, மிச்சம் சாப்பாடு உள்ள போய் வயிற்றுச் சுவர் விரிஞ்ச பிறகு.

இன்னொண்டு, இது எனக்குச் சரியான விருப்பமான சங்கதி. வெறும் வயிறு கிட்டத்தட்ட 50 மில்லிலீட்டர்தான், சின்னத் தேத்தண்ணிக் கப்பில பாதி. நீங்க விழுங்கத் தொடங்கினதும் அதே வேகஸ் இரைப்பையின்ர மேல்பக்கத்தத் தளர்த்திவிடும், பஸ்ஸுக்குள்ள ஆள் ஏறக்குள்ள கொண்டக்டர் "பின்னுக்குப் போங்கோ பின்னுக்குப் போங்கோ" எண்டு இடம் எடுத்துக் குடுக்கிற மாதிரி. அதாலதான் ஒரு லீட்டருக்கு மேல போனாலும் அமுக்கம் பெரிசா ஏறாம அடங்குது. திருவிழா நாள்ல அன்னதானத்தில மூண்டாந்தரம் சோறு வாங்கிறவருக்கு எப்பிடி இடம் வருது எண்டு யோசிச்சிருப்பீங்க தானே.

கடமுடா சத்தம் வேற கதை. வெறும் வயிறா இருக்கக்குள்ள 90 முதல் 120 நிமிசத்துக்கு ஒருக்கா வயிற்றில தொடங்கி சிறுகுடல் முழுக்க ஒரு அலை ஓடும், மிச்சம்மீதியக் கூட்டித் தள்ளுற வேலை. உள்ள இருக்கிற காத்தும் தண்ணியும் உருளுறதுதான் சத்தம். பணிஸ் சாப்பிட்டதால உங்களுக்கு அந்த அலை அப்ப ஓடியிராது, ஆனா வாசம் பட்டாலும் வயிறும் குடலும் அசையத் தொடங்கும், சத்தம் வரும். வெக்கப்படத் தேவையில்ல.

இப்ப மகன்ட பக்கம் வருவம். சோதினைப் பயத்தில அவனுக்கு ஓடுறது பரிவு நரம்புத் தொகுதி, நாய் துரத்தினா ஓட வைக்கிற அதே பகுதி. அது இதயத்தை வேகமாக்கும், குடலுக்குப் போற இரத்தத்தைக் குறைச்சு தசைக்கு அனுப்பும், வாயைக் காய வைக்கும், வயிறு வெளியேத்துறதையும் மெதுவாக்கும். வேகஸின்ர உத்தரவு அமுங்கிப்போகுது. அந்த நேரத்தில அம்மா புட்டக் குழைச்சு "சாப்பிடடா சாப்பிடடா, மூளை வேலை செய்யாது" எண்டு பின்னால நிண்டா, இடமே எடுத்துக் குடுக்காத பஸ்ஸுக்குள்ள ஆள ஏத்துற கணக்குத்தான், ஓங்காளம் வராம என்ன வரும். கோவிக்காதீங்க தங்கச்சி, நானும் முப்பது வருசம் பயோ படிப்பிச்ச ஆள், எங்கட வீட்டிலயும் இதே கூத்துத்தான் நடந்தது. ராத்திரிச் சாப்பாட்ட நல்லாக் குடுங்கோ, காலம வெள்ளன எழுப்பி ஒரு வாழைப்பழமோ ரெண்டு துண்டு பாணோ வச்சிட்டு விலகுங்கோ, மிச்சத்த சோதினை முடிஞ்சு வந்து சாப்பிடட்டும். சோதினை இல்லாத நாள்லயும் சாப்பாடு இறங்குதில்ல, மெலியுறான், சத்தி எடுக்கிறான் எண்டால் மட்டும் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

கேள்வி: பாவ்லோவ் எண்டா மணிச் சத்தத்துக்கு நாய்க்கு எச்சில் ஊற வச்ச ரஷ்ய விஞ்ஞானி தானே சேர்? அவருக்கும் வயிற்றுக்கும் என்ன சம்மந்தம்? (ஏ.எல் மாணவன், உவர்மலை)

பதில்: தம்பி, அவருக்கு 1904இல நோபல் பரிசு கிடைச்சதே சமிபாட்டு ஆராய்ச்சிக்குத்தான். நாயின்ர களத்தை, அதான் சாப்பாடு வயிற்றுக்கு இறங்குற குழாய, கழுத்தில வெளியே திறந்துவிட்டார், நாய் இறைச்சிய மென்று விழுங்கும், அது கழுத்தாலயே வெளிய விழுந்திடும், ஒரு துளியும் வயிற்றுக்குப் போகாது. ஆனாலும் ஒரு அஞ்சு நிமிசத்தில வயிற்றில பூட்டியிருந்த குழாயால சாறு வடியத் தொடங்கிச்சு. பிறகு வேகஸ் நரம்புகள வெட்டிப்போட்டு அதே இறைச்சியக் குடுத்தார், சாறு வரேல்ல. அவ்வளவு சுத்தமான நிரூபணம். அந்த நாய்ச் சாற்றைப் போத்தல்ல அடைச்சு சமிபாட்டு மருந்தா வித்து ஆய்வுகூடச் செலவுக்கும் காசு பார்த்தவர், இது உங்கட புத்தகத்தில இருக்காது.

கேள்வி: நான் 76 வயதுக்காரன். இளவயதில அல்சருக்கு ஒப்பரேசன் செய்து வயிற்று நரம்பை வெட்டினவை. நரம்பில்லாட்டி எனக்கு எப்பிடி இவ்வளவு காலமும் சமிச்சது? (ஒரு ஐயா, நிலாவெளி)

பதில்: ஐயா, உங்களுக்கு வெட்டினது மேல சொன்ன வேகஸைத்தான். 1943இல இருந்து சிக்காகோவில டிராக்ஸ்டெட் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் செய்து பரவலாக்கின முறை, உத்தரவு போற வயரை வெட்டினா அமிலம் குறையும், புண் ஆறும் எண்ட கணக்கு. குறையத்தான் குறைஞ்சது, ஆனா முழு நரம்பையும் வெட்டினா வயிறு சாப்பாட்டைக் கீழ தள்ளுறதும் மந்தமாகிடும், அதால வயிற்றின்ர வெளிவாசல அகலமாக்கியும் விடுவினம், உங்கட பழைய ஆஸ்பத்திரித் துண்டில அதுவும் எழுதியிருக்கலாம்.

பிறகு அமிலத்தைக் குறைக்கிற குளிசைகள் வந்திட்டுது, பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி எண்ட பக்ரீரியா, இல்லாட்டி அஸ்பிரின் மாதிரி நோ மருந்துகள் எண்டும் தெரிஞ்சுது, அந்தக் கிருமியக் கண்டுபிடிச்ச வொரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல நோபல். இப்ப புண்ணுக்காக நரம்பை வெட்டுறது சரியான குறைவு.

எப்பிடிச் சமிச்சது எண்டால், வயிறு, குடல் எண்டு போற உணவுக் கால்வாய்ச் சுவருக்குள்ளயே 10 கோடிக்கு மேல நரம்புக் கலங்கள் இருக்கு, மேலிடத்து உத்தரவு இல்லாட்டியும் தன்ர வட்டாரத்தத் தானே நடத்தும். சாப்பாடு உள்ள வந்து சுவர் விரிஞ்சாலே காஸ்திரின் வரும், சாறு வரும். உங்களுக்குக் குறைஞ்சது அந்த முன்னறிவித்தல்தான். வேகஸ் நார்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் உள்ளுறுப்புகள்ல இருந்து மேல மூளைக்குச் செய்தி கொண்டு போற நார்கள், அதில வயிற்றுக்குரியதையும் சேர்த்துத்தான் வெட்டியிருப்பினம். ஆனா வாய் ஊறுறதுக்கு வேற நரம்புகள், முகத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் போறதுகள், அதில கை வைக்கேல்ல. நிலாவெளியில வலை இழுத்து வந்த மீன் பொரிக்கக்குள்ள உங்களுக்கும் வாய் ஊறத்தான் செய்யும் ஐயா.