குடிக்கிற தண்ணீர் கடல்மீனுக்கு ஆகாதா? – கேள்வி பதில்

கடல்மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் என்று வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். விளக்கு, ஸ்கிம்மர் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த முறை.

அம்பத்தூர்: சார், நாங்கள் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். க்ளவுன் மீன்கள் ஜம்மென்று இருக்கின்றன. கிளீனர் இறால் மட்டும் எத்தனை வாங்கிவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் செத்துவிடுகிறது. ஏன்?

உங்கள் பியூரிஃபையரின் முகப்பில் ‘காப்பர்’ என்று போட்டிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். செம்புப் பானைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று சொல்லி, செம்பு சேர்க்கிற கார்ட்ரிட்ஜை மாட்டி இப்போது நிறைய மாடல்கள் விற்கிறார்கள். நமக்கு எப்படியோ, இறாலுக்கு அது எமன்.

கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்துதான் ஊற்றுவோம். லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் வரை செம்பு இருந்தால் கிருமி சாகும், மீன் தாங்கிக்கொள்ளும். இறாலும் நத்தையும் தாங்காது. நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ஐ எடுத்துப் பாருங்கள்: செம்பு 0.05 வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அந்த மருந்து அளவைப்போல் ஆறு மடங்கு இருந்தாலும் சட்டப்படி அது குடிநீர்தான்!

ஒரு காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிச் சோதியுங்கள். இதே தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து ஊற்றியிருந்தால் அது கல்லிலும் மணலிலும் ஒட்டியிருந்து மெல்ல மெல்லக் கசியும், அதையும் மறக்க வேண்டாம். செம்பே இல்லை என்றால், பையிலிருந்து இறாலைச் சட்டென்று கொட்டுகிறீர்களா என்று பாருங்கள். உப்பு அளவு மாறுவதை அது மீனைப் போலப் பொறுக்காது. ஏர் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு, ஒரு மணி நேரமாவது பழக்கிவிட்டு இறக்குங்கள்.

அவரே மறுபடியும்: அப்படியானால் தொட்டிக்கென்று தனி ஆர்ஓ மெஷின் வாங்கணுமா?

வேண்டாம். உங்கள் மெஷினில் மெம்பரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு) வரைக்கும் எல்லாம் சரியாகவே நடக்கிறது. அதற்குப் பிறகுதான் கெடுக்கிறார்கள். சுவைக்காக மினரல் கார்ட்ரிட்ஜ், முன்பு சொன்ன செம்பு கார்ட்ரிட்ஜ், அப்புறம் ஆர்ஓ செய்யாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) அட்ஜஸ்டர். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மெம்பரேனிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு, சின்ன வால்வோடு தனி லைன் எடுக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் பையனுக்கு அரை மணி நேர வேலை. அந்த லைனின் முனையில் ஒரு டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) கார்ட்ரிட்ஜ் மாட்டினால் முடிந்தது.

ஒரு விஷயம், மெஷின் ஓடத் தொடங்கியதும் வருகிற தண்ணீரைப் பிடிக்காதீர்கள். டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் நீங்களே பார்க்கலாம்: முதலில் 80, 90 என்று காட்டும், சில நிமிடத்தில் 20, 15 என்று இறங்கி நிற்கும். நின்ற பிறகு ரெசினுக்குத் திருப்பிவிடுங்கள், ரெசின் நாள்பட வரும்.

வேளச்சேரி: அண்ணா, எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் 1400. ஆர்ஓ போட்டால் பூஜ்யம் வருமா?

ஆர்ஓ மட்டும் போட்டால் வராது. மெம்பரேன் 95 சதவீதத்தைத் தடுத்தாலும் 70 மிச்சம் நிற்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது டிஐ ரெசினின் வேலை. மேல்தொட்டியிலிருந்து வருகிற அழுத்தம் மெம்பரேனுக்குப் போதாது, பூஸ்டர் பம்ப் அவசியம்.

டிடிஎஸ் மீட்டரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கரைந்த உப்புகளைத்தான் அது காட்டும், குளோரினைக் காட்டாது. ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கா. மீட்டரில் பூஜ்யம் நிற்கும், ஆனால் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் வரத் தொடங்கும். நிறம் மாறும் ரெசினாக வாங்கி, முக்கால்வாசி நிறம் மாறியதுமே மாற்றிவிடுங்கள்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவுத் தண்ணீர் வரும். வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். செடிக்கு வேண்டாம், 1400 இருந்தது அதில் இன்னும் ஏறியிருக்கும்.

சிங்கப்பூர்: இங்கே குழாய்த் தண்ணீர் ரொம்பச் சுத்தம். ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடாதா?

சென்னையில் குளோரின் போகும். உங்கள் ஊரில் பொதுப் பயனீட்டுக் கழகம் போடுவது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, அது அப்படிப் பறக்காது. ஆன்டி-குளோரின் சொட்டு விட்டால் அதிலுள்ள குளோரின் மட்டும் போகும், அம்மோனியா தண்ணீரிலேயே நிற்கும். குளோரமினுக்கென்று செய்த நல்ல கார்பன் பிளாக், பிறகு ஆர்ஓ, பிறகு டிஐ, இந்த வரிசைதான் சரி. உங்கள் தண்ணீரில் டிடிஎஸ் குறைவு, அதனால் ரெசின் செலவு எங்களுக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

திருவான்மியூர்: கடலே பக்கத்தில் இருக்கும்போது உப்பு எதற்கு வாங்கணும்?

கடல்நீர் நல்லதுதான், கரையோரத் தண்ணீர்தான் நல்லதில்லை. அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்ப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். மீன்பிடிப் படகில் போகிறவர்கள் யாராவது தெரிந்திருந்தால், நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப்போய் கேனில் பிடித்துவரச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம், மழைத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும். கொண்டுவந்ததை வடிகட்டி, மூடிய டிரம்மில் வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் வைத்து, ஏர் பம்ப் ஓடட்டும். உப்பு அடர்த்தி 1.025 அருகில் இருக்கிறதா, அம்மோனியா பூஜ்யமா என்று பார்த்த பிறகே தொட்டிக்கு.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் பவளத் துண்டு எதையும் பொறுக்கி வர வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு.

மதுரை: வெயிலில் தினமும் இரண்டு லிட்டர் குறைகிறது. உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா ஊற்றணும்?

நல்ல தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் மீன் ஊறுகாய்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உப்பு கலக்க ஆர்ஓ, தினமும் நிரப்பக் குழாய்த் தண்ணீர். டிடிஎஸ் 300 உள்ள தண்ணீரில் தினம் இரண்டு லிட்டர் என்றால் மாதத்துக்கு 18 கிராம் கூடுதலாகச் சேரும். நூறு லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறதே, இது பெரிதா என்று கேட்கலாம். எடை பெரிதில்லை. அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தலைமுடி மாதிரிப் பாசி படர்ந்து, “வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறேனே” என்று புலம்புகிறவர்களை நான் முதலில் கேட்பது, தினமும் எதை ஊற்றுகிறீர்கள் என்றுதான்.

ஏசி தண்ணீர், மழைத் தண்ணீர், இருபது லிட்டர் கேன், பேட்டரி தண்ணீர் – பலர் கேட்டது

ஏசி தண்ணீர் செம்புக் குழாய், அலுமினியத் தகடு வழியே வழிந்து வருவது, வேண்டாம். மழைத் தண்ணீர் மாடியைக் கழுவிக்கொண்டு வருவது, அதுவும் வேண்டாம். கேன் தண்ணீர் அவசரத்துக்குச் சரி, ஒவ்வொரு கேனுக்கும் மீட்டரைப் போட்டுப் பாருங்கள், ஒன்று போல் ஒன்று இருக்காது. பேட்டரி தண்ணீர் சீல் உடையாமல், மீட்டரில் பூஜ்யம் காட்டினால் அவசரத்துக்கு ஊற்றலாம், கட்டுப்படியாகுமா என்பது வேறு.

நாகர்கோவில்: பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறது, அதில் பிடித்து வைக்கலாமா?

முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் புதிதாகவே வாங்குங்கள். பித்தளைக் குழாய் மாட்டாதீர்கள், பித்தளையில் பெரும்பங்கு செம்பு. பிளாஸ்டிக் குழாய் போதும்.