நீலகிரியில் ஒன்றரை மாதம் தங்க ஓட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"நல்ல வியூ இருக்கிற ஓட்டலாகச் சொல்லுங்கள்" என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வியூ நாலு நாளைக்கு. அதற்கப்புறம் துணி காய்கிறதா, வெந்நீர் வருகிறதா, ஏறி இறங்க எத்தனை படி, இதுதான் பெரிய விஷயம். ஒன்றரை மாதம் என்றால் ஆபீஸ் வேலையாகத்தான் போவீர்கள், கூட அம்மாவோ மாமியாரோ வருவார்கள் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். என் கதை அப்படித்தான்.

2023 அக்டோபர் கடைசியில் தணிக்கை வேலைக்காகக் குன்னூரில் 45 நாள் இருக்க வேண்டி வந்தது. அம்மாவைத் திருநெல்வேலியில் தனியாக விட மனசில்லை, கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி. இணையத்தில் படம் பார்த்துத்தான் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. படத்தில் காட்டியது அத்தனையும் உண்மை. காட்டாதது, ரோட்டிலிருந்து கீழே இறங்கும் 58 படியும், வெயிலே எட்டாத வடக்குப் பார்த்த ஜன்னலும்.

மலையில் பல ஓட்டல்களில் ரிசப்ஷன் ரோட்டு மட்டத்தில் இருக்கும், அறைகள் அதற்குக் கீழே சரிவில் இறங்கிக்கொண்டே போகும். கீழ்த்தளம் என்றதும் நம்மூர் வழக்கப்படி தெருவோடு ஒட்டிய தளம் என்று நினைத்து ஏமாந்தேன். அந்தக் கீழறைகளின் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். மழை பெய்யப் பெய்ய ஈரம் சுவர் வழியாக உள்ளே வரும். கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பிப் பொரிந்து கிடந்தது. விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது.

அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்றை ஞாயிற்றுக்கிழமை துவைத்து அறைக்குள்ளேயே கயிறு கட்டிப் போட்டேன். வியாழக்கிழமை எடுத்து மடிக்கப் போனால் முந்தானை மட்டும் காய்ந்த மாதிரி இருந்தது, மடிப்புக்குள் கை வைத்தால் சில்லென்று இருந்தது. ஒரு மாதிரி ஊறின அரிசி வாடை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதையே கட்டிக்கொண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டது. பத்து நாளில் என் தோல் செருப்பின் வாரில் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

ஹீட்டர் கேட்டிருக்கலாமே என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். கேட்டேன். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. 45 நாளைக்குப் பெருக்கிப் பார்த்தால் இன்னொரு வாடகை. அதனால் மாத வாடகை பேசும்போதே ஹீட்டர், கூடுதல் கம்பளி, துணி துவைப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். புகை அடங்கிய தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேனேஜர் கதவைத் தட்டினார். "மேடம், வெள்ளிக்கிழமை காலையில ரூமைக் குடுத்துட்டு திங்கக்கிழமை திரும்ப வந்துருங்க. லக்கேஜ் இங்கயே இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்." லீவுக் கூட்டம் வருகிறது, ஒரு நாளைக்கே மூன்று மடங்கு வாடகை கிடைக்கும், மாதக் கணக்கில் இருக்கிற நாங்கள்தான் இடைஞ்சல். 45 நாளும் எங்களுக்குத்தான் என்று போனில் பேசியதை ஞாபகப்படுத்தினேன். "அது பொதுவா சொன்னது மேடம்" என்றார். எழுத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை. உள்ளேயிருந்து அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏட்டி, தீவாளியும் அதுவுமா பொட்டியத் தூக்கிட்டு எங்க போவ?"

ஓட்டல் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஏப்ரல், மே சீசனிலும் நாலு பண்டிகை லீவிலும் சம்பாதித்துத்தான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும் என்கிற அவர்கள் கஷ்டம் எனக்கும் புரியும். ஆனால் முன்பணம் வாங்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டின பணத்தில் தங்காத நாட்களுக்கு உரியது இன்றுவரை திரும்பி வரவில்லை. வரும் நாள், போகும் நாள், நடுவில் பண்டிகை வந்தாலும் இதே அறை, இதே வாடகை என்று அவர்கள் மின்னஞ்சலில் பதில் போட்ட பிறகு பணத்தை அனுப்புங்கள். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கிற நாட்கள் உள்ளே வந்தால் இன்னும் கறாராக இருங்கள்.

மேனேஜர் வந்து சொன்ன மறுநாள் ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேறு அறை தேடி மழையில் அலைந்தேன். குன்னூரிலேயே பெட்போர்டு பக்கம் ஒரு சாதாரண லாட்ஜ் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, அவ்வளவுதான் வியூ. ஆனால் அறை ரோட்டு மட்டத்திலேயே இருந்தது, ஜன்னல் கிழக்கே பார்த்தது. ஐப்பசி மழையிலும் பல நாள் காலையில் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், அது நேராகக் கட்டில் மேல் விழுந்தது. பணம் கட்டுவதற்கு முன் மெத்தையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தேன், அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், மத்தியானம் மூன்று மணிக்கு வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டேன். லாட்ஜ்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை. முதல் இடத்தில் வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான், அந்தக் குளிரில் ராத்திரி கால் கழுவக்கூட அம்மா பயந்தது. இங்கே வந்து ஒரு வாரத்தில் இருமல் நின்றது.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை என் அண்ணன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினான். "ரூம்தான் இருக்கே" என்று ஐந்து பேர். அதற்கு முந்தின மூன்று வருஷத்தில் அம்மாவை ஒரு வாரம்கூடத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாதவன், சிம்ஸ் பூங்காவில் அம்மாவோடு படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டான். அம்மாவை உட்காரவைத்த பெஞ்சு ஈரம். யாரும் துடைத்துவிடவில்லை. இப்போது வெளியூர்க் கார் நீலகிரிக்குள் வர இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், 2024 மே 7 முதல் அந்த ஏற்பாடு. அப்போதே இருந்திருந்தால் வருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானோ என்னவோ. நீங்களும் சொந்தக் காரில் போவதாக இருந்தால் கிளம்பும் முன் பதிவு செய்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

ஆபீஸ் பில் கேட்கும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய கணக்கில் யாராவது பில் போட்டால் கேளுங்கள். குடிநீருக்கு என்ன ஏற்பாடு என்றும் விசாரியுங்கள், பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் அந்த மாவட்டத்தில் தடை. அம்மாவுக்கு வெந்நீர் பிளாஸ்க் ஒன்று கையிலேயே இருக்கட்டும்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பாருங்கள், தென்மேற்குப் பருவமழை ஊட்டியையும் அதற்கு மேற்கே உள்ள இடங்களையும் நனைக்கிற அளவுக்கு அங்கே வராது. அக்டோபர், நவம்பர் என்றால் தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரியில்தான் கொட்டும், மண் சரிந்து மேட்டுப்பாளையம் மலை ரயிலையே அடிக்கடி நிறுத்திவிடுவார்கள். அப்போது ஊட்டியே தேவலை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், குன்னூர் அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு, முட்டிவலிக்காரர்களுக்கு அது கொஞ்சம் தாங்கும். எந்த ஊரானாலும் முதலில் ஒரே ஒரு ராத்திரிக்குப் பணம் கட்டித் தங்கிப் பாருங்கள். மாதமும், கூட யார் வருகிறார்கள் என்பதும் எழுதினால் எந்தத் தெருப் பக்கம் தேடலாம் என்று சொல்கிறேன்.