ஃபர்லர் இறுகிவிட்டால் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: 26 அடி நீளமுள்ள வெஸ்டர்லி சென்டார் வகைப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறேன். முன்பக்கப் பெரிய பாயான ஜெனோவாவைச் சுருட்டும் கருவியான ஃபர்லர் முந்தைய உரிமையாளர் காலத்தது. எந்த ஆண்டில் பொருத்தினார்கள் என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை. காற்று சற்றுக் கூடினாலே கையால் சுருட்ட முடியாமல், சுருட்டும் கயிற்றை வின்ச் என்ற கயிறிழுக்கும் உருளையில் சுற்றி இழுக்கிறேன். பேரிங்கை மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். முழுவதையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், போர்ட்ஸ்மத், இங்கிலாந்து

பதில்: வின்சால் இழுப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். எங்கோ ஏதோ சிக்கியிருப்பதால்தான் பாய் சுருள மறுக்கிறது. வின்சின் பலம் அந்தச் சிக்கலை இன்னும் இறுக்குவதோடு, பாய் சுருளும் அலுமினியக் குழலுக்குள் ஓடி, பாய்மரத்தை முன்பக்கம் பிடித்திருக்கும் ஃபோர்ஸ்டே கம்பியின் முறுக்கையும் பிரித்துவிடக்கூடும்.

காற்றில்லாத நாளில் பாயை முழுவதும் இறக்கிவிட்டு, வெறும் குழலைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று தட்டுத்தடுமாறிச் சுழன்றால் நண்பர் சொல்வது சரி. தடையில்லாமல் சுழன்றால் பேரிங்கைக் குறை சொல்வதற்கில்லை. கோளாறு பெரும்பாலும் பாய்மரத்தின் உச்சியில் இருக்கும். பாயின் தலையைப் பிடித்திருக்கும் சுழல் இணைப்பான ஸ்விவலின் கீழ்ப்பாதி பாயோடு சுழல வேண்டும், பாயை ஏற்றும் ஹால்யார்டு கயிறு கட்டிய மேல்பாதி அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் கயிறு குழலை ஒட்டி இணையாக ஏறினால், குழல் சுழலும்போது கயிறும் அதன்மேல் சுற்றிக்கொள்ளும். ஃபோர்ஸ்டேயிலிருந்து ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி விலகிப் பின்னோக்கிச் சென்றால் இந்தத் தொல்லை வராது. பாயின் முன்விளிம்பு குட்டையாக இருந்து ஸ்விவல் உச்சிக்கு வெகு கீழே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால், பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் இடையே ஒரு துண்டுக் கம்பியைச் சேர்த்து ஸ்விவலை உயர்த்தினாலே பல படகுகளில் குறை தீர்ந்துவிடும். புதிய ஃபர்லரை வாங்கிப் பொருத்திய பிறகும் பழைய இறுக்கம் தொடர்கிறது என்று வருந்துபவர்கள், இந்தக் கோணத்தைப் பார்க்காமல் பணத்தைச் செலவிட்டவர்களே.

ஆயினும் உங்கள் நிலையில் நான் கடைக்காரர் பக்கமே சாய்வேன். அதற்குக் காரணம் சுருட்டும் கயிறு சுற்றிக்கொள்ளும் டிரம்மோ பேரிங்கோ அல்ல, குழலுக்குள் மறைந்திருக்கும் அந்தக் கம்பிதான். 19 இழைகளை முறுக்கிச் செய்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்குப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகளையே ஆயுளாகக் கொள்வார்கள். உங்கள் கம்பியின் வயதோ தெரியாது. மற்றக் கம்பிகளைத் துணியால் துடைத்தால் அறுந்த இழை துணியைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும், ஆனால் இந்தக் கம்பியை எவரும் பார்ப்பதில்லை. உப்பு நீர் தேங்கிக் காற்று புகாத இடுக்குகளில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும் என்பதால், கம்பி அதன் முனைப்பூணுக்குள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் அறும். அங்கே பழுப்புக் கறையோ, பூணில் மயிரிழை போன்ற விரிசலோ பூதக்கண்ணாடியில் தெரிந்தால் மறுபேச்சே வேண்டாம். உங்கள் படகில் ஃபோர்ஸ்டே பாய்மரத்தின் உச்சியிலேயே முடிவதால், அது அறுந்தால் பாய்மரம் பின்னோக்கி, அதாவது நீங்கள் அமர்ந்திருக்கும் பக்கமாக விழும்.

கம்பியை மாற்றக் குழலை எப்படியும் கழற்றியாக வேண்டும். பழைய இணைப்புகளில் எஃகுத் திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகியிருக்கும். திருகு தலை முறியும், குழலும் வளையும். உதிரிபாகம் கிடைத்து, குழல் நேராகக் கழன்று வந்தால் மட்டுமே பழையதைக் காப்பாற்றலாம்.

புதியதில் எதைத் தேர்ந்தாலும் பராமரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்டேன் நிறுவனத்தின் ஃபர்லெக்ஸ் புதிய கம்பியுடனேயே வருகிறது. ஹார்க்கன் நிறுவன ஃபர்லரின் டோர்லான் என்ற பிளாஸ்டிக் பேரிங் குண்டுகளுக்கு கிரீஸ் வேண்டாம், நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். புரோஃபர்ல் நிறுவன ஃபர்லரில் பேரிங் நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருக்கும். 26 அடிப் படகுக்கு அவற்றின் சிறிய மாதிரிகளே தாராளம். பெரிதாக வாங்கினால் பாய்மரத்தின் உச்சியில் வீண் எடைதான் கூடும்.

கேள்வி: பழைய பாயையே பயன்படுத்தலாமா? பாய்மரத்தை இறக்காமல் வேலையை முடிக்க முடியுமா?
அதே வாசகர்

பதில்: பாய் நல்ல நிலையில் இருந்தால் பயன்படுத்தலாம், மூன்றை மட்டும் சரிபாருங்கள். குழலின் பள்ளத்தில் ஏறும் முன்விளிம்பு நாடா புதிய குழலின் அளவுக்கு, பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு, ஒத்திருக்க வேண்டும். புதிய டிரம் உயரமாக இருந்தால் பாயின் முன்விளிம்பைக் குறைக்க நேரிடும். வெயில் தாங்கும் பட்டை பாயின் ஒரு பக்கத்தில் மட்டுமே தைக்கப்பட்டிருக்கும். பாய் எதிர்த்திசையில் சுருண்டால் அந்தப் பட்டை உள்ளே போய், துணி வெயிலில் காயும். டிரம்மில் கயிற்றைச் சுற்றும் திசையை மாற்றினால் இது சரியாகும்.

பாய்மரத்தைப் பின்பக்கம் பிடித்திருக்கும் பேக்ஸ்டே கம்பியைத் தளர்த்தி, இரண்டு ஹால்யார்டுகளைப் படகின் முன்முனையான அணியத்தில் உறுதியான இடத்தில் கட்டிப் பாய்மரத்தைத் தாங்கச் செய்து, நிறுத்திய நிலையிலேயே முடிப்பவர்கள் உண்டு. முதன்முறை செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். சென்டாரின் பாய்மரம் மேல்தளத்தின்மீதுதான் நிற்கிறது, பிடிமானம் போனால் சாய்ந்துவிடும். படகுப் பட்டறையில் கிரேனால் இறக்கிவைத்தால், கம்பியை ஒரு முனையின் பூட்டாணியிலிருந்து மறுமுனையின் பூட்டாணிவரை இழுத்துப் பிடித்து அளக்கலாம், மற்ற மூன்று பக்கங்களிலும் உள்ள கம்பிகளின் வயதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சுருட்டும் கயிற்றின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பலத்த காற்றில் பாய் இறுகச் சுருள்வதால் சுற்றுகள் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே பாய் முழுவதும் சுருண்டு, பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறுகளும் அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகும், டிரம்மில் மூன்று நான்கு சுற்றுகளாவது மிஞ்சியிருக்க வேண்டும்.